ஏழு கடைக்குள் பெய்த மழை

உப்போடையில் காப்பித்தூள் கடைகளுக்குள் மழை பெய்யத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி சுமாருக்கு, வெளியே ரோட்டில் தார் இளகி நடப்பவர் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில். ஞானசௌந்தரி அப்போது தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குக் கால் கிலோ தூள் நிறுத்துக்கொண்டிருந்தாள். முதல் சொட்டு தராசுத் தட்டில் விழுந்தது, இரண்டாவது அவள் புறங்கையில் விழுந்தது, மூன்றாவதிலிருந்து எண்ண முடியவில்லை. கடை ஓட்டுக்கூரை இல்லை, காங்கிரீட். மேல் மாடியில் தையற்கடை, அங்கே ஒரு துணிகூட நனையவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள், பார்த்துவிட்டு, "தூள் நனையுது சார், அந்தத் தார்ப்பாயைக் கொஞ்சம் எட்டி எடுங்க" என்றாள். கிளார்க் எடுத்துக் கொடுத்தார். பிறகு பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழை விடட்டும் என்று நிற்காமல், வெயிலில் இறங்கிப் போனார்.

அதே பதினோரு மணிக்கு மற்ற ஆறு கடைகளிலும் பெய்தது. கடைவீதி முனையில் செல்லத்துரை கடையில் பெய்தது, பள்ளிவாசல் தெருவில் காதர் மைதீன் கடையில் பெய்தது, பஸ் ஸ்டாண்டுக்குள் இருந்த பெட்டி போன்ற கடையிலும் இடம் போதாமல் நெருக்கிப் பெய்தது. டீக்கடையில் பெய்யவில்லை, மளிகைக் கடையில் பெய்யவில்லை, கம்பெனிக் காப்பிப் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்த பெரிய கடையில் ஒரு தூறல்கூட இல்லை. அந்த ஏழு கடைகளும் அந்தத் தை மாதம்தான் ஒன்றுசேர்ந்து ஒரு காரியம் செய்திருந்தன. ஊர்க்காரர்களுக்கு அது போதும், அதற்கு மேல் காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காரியம் இதுதான். ஏழு பேருமே சின்னக் கடைக்காரர்கள். தாங்களே வறுத்து, தாங்களே அரைத்து, தாங்களே பொட்டலம் கட்டுகிறவர்கள். தனித்தனியாகத் தரகரிடம் கொட்டை வாங்கினால் தரகர் கொடுத்ததுதான் கொட்டை, சொன்னதுதான் விலை. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற அந்தத் தரகர்கள் மலைக்காரர்களிடம் எந்த விரலைப் பிடித்தார்கள், கடைக்காரர்களிடம் எந்த விரலைப் பிடித்தார்கள் என்பது துண்டுக்கே வெளிச்சம். "நாம ஏழு பேரும் ஒண்ணாப் போயி மலையில நேரா வாங்குவோம்" என்று முதலில் சொன்னவர் செல்லத்துரை. அதை நான் மறைக்க மாட்டேன், நல்ல யோசனையெல்லாம் நல்லவனுக்கு மட்டும்தான் வரும் என்று எழுதிவைத்திருக்கிறதா என்ன.

ஒரு வேனைப் பிடித்து ஏழு பேரும் மஞ்சம்பாறைக்கு ஏறினார்கள். அங்கே மூன்று ஏக்கர், நாலு ஏக்கர் என்று காப்பித் தோட்டம் வைத்திருந்த முப்பது குடும்பங்களுக்காகவும் பேசுகிறவர் சடையாண்டி. அறுபது வயது, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்கிற பழக்கம். காய் பழுக்கும் முன்னாலேயே விலை பேசி முடிப்பது, பிறகு சந்தை எப்படிப் போனாலும் அந்த விலைதான். பதிலுக்கு மலைக்காரர்கள் சிவந்த பழத்தை மட்டும் பறிப்பது, மருந்து அடிக்காமலிருப்பது, காப்பிச் செடிக்கு நிழல் தரும் பலாவையும் ஆரஞ்சையும் வெட்டாமலிருப்பது என்று பேச்சானது. "விலை ஏறிச்சின்னா நாங்க ஓட மாட்டோம். எறங்கிச்சின்னா நீங்க ஓடக்கூடாது" என்றார் சடையாண்டி. துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு, எல்லார் கண்ணுக்கும் தெரிய வெறுங்கையை நீட்டினார். ஏழு பேரில் யார் அந்த விரலைப் பிடிப்பது?

"சௌந்தரி புடிக்கட்டும். நாக்கு அவளோடதுதான்" என்றார் செல்லத்துரை. நிஜம்தான், ஒரு மடக்குக் குடித்துவிட்டு இது மேற்குச் சரிவு, இது ஓடையோரம் என்று சொல்கிற நாக்கு அவளுக்கு. ஞானசௌந்தரி விரலைப் பிடித்து, "ஓட மாட்டோம் பெரியப்பா" என்றாள். ஆறு ஆம்பளைகள் மீசையோடு நிற்கும்போது, வாக்குக் கொடுக்க மட்டும் ஒரு பொம்பளையை ஏன் முன்னால் தள்ளுகிறார்கள் என்று அவள் அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சொன்னது செல்லத்துரை அண்ணன் இல்லையா. அவள் புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, கடையையும் பெண் குழந்தையையும் அவள் தலையில் கட்டிய வருஷம், நின்றுபோன வறுக்கிற டிரம்மைக் கையில் கரி அப்பிக்கொண்டு ஓட்டிக் கொடுத்தவர் அவர். கூடப்பிறந்தவன் இல்லாத அவளுக்காக, அந்தக் குழந்தையைத் தாய்மாமனாக மடியில் வைத்துக் காது குத்தியவர் அவர். அப்படிப்பட்ட ஒருவர் சொல்லி அவள் எதை மறுத்திருக்கிறாள்?

கொட்டை வந்து இறங்கிய மூன்றாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. சௌந்தரி முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு மலைக்குப் போன் போட்டாள்.

"பெரியப்பா, அங்க மழையா?"

"ஆமா மகளே, இப்பத்தான் புடிச்சுச்சு. பூமழை. இதுக்குத்தான காத்துக் கெடந்தோம்."

"இங்க கடைக்குள்ளயும் பெய்யுது பெரியப்பா."

"பெய்யட்டும், பெய்யட்டும்" என்றார் சடையாண்டி. "பூ நல்லா எடுக்கும்."

ஒன்பதாம் நாள் மலையில் காப்பி பூத்தது. ஏழு கடைகளிலும் பூ ஒன்றும் இல்லை, ஆனால் மல்லிகையையும் தேனையும் ஒன்றாகக் கசக்கியது போல ஒரு வாசனை மூன்று நாள் நின்றது. சுவரில் சாய்ந்தவர்கள் சட்டையெல்லாம் மணந்தது.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் ஊர் பழகாது! காப்பித்தூள் வாங்கப் போகிறவர்கள் குடை எடுத்துப் போனார்கள், மறந்தவர்களுக்கு மாடித் தையற்காரர் குடை வாடகைக்கு விட்டார். சௌந்தரி அரவை மெஷினுக்கு மேலே தகரத்தில் ஒரு கூரை போட்டாள், வறுக்கிற டிரம்முக்கு ஒன்றும் போடவில்லை, அந்தச் சூட்டுக்கு மேலே மழை வந்து ஆவியாகிப் போய்விட்டது. மலையில் மஞ்சு இறங்கும் நாட்களில் கடைக்குள்ளும் இறங்கியது, வாங்குகிறவர் முகம் தெரியாமல் குரலை வைத்துத் தூள் கொடுக்க வேண்டியிருந்தது. ஐப்பசியில் அட்டைகூட இரண்டு விழுந்தது, காதர் மைதீன் கடையில் ஒருவர் கணுக்காலில் ஏறிவிட்டது, அதற்கும் வேறு எங்கேயும் போகாமல் காதர் மைதீன் மடியிலிருந்த மூக்குப்பொடியையே போட்டு எடுத்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இது குடிநீர் இணைப்பா, வடிகாலா, எந்த வரியில் சேர்ப்பது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் நனைந்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விட அந்தத் தண்ணீர். உப்போடையின் ஆழ்துளைக் கிணறு எல்லாமே உப்பு, அதில் பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அதில் தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். கடைக்குள் விழுந்த மழையோ வாயில் பட்டால் இனித்தது. பெண்கள் குடத்தோடு வந்து ஏழு கடை வாசலிலும் வரிசை கட்டினார்கள், சும்மா பிடித்துப் போவது முறையில்லை என்று ஆளுக்கு ஐம்பது கிராம் தூளாவது வாங்கினார்கள். அந்தத் தண்ணீரிலேயே டிகாக்‌ஷன் போட்டுக் குடித்தவர்கள் கம்பெனிப் பாக்கெட்டை மறந்தார்கள். வெளியூரிலிருந்து வேன் போட்டுக்கொண்டு மழைக்கடை பார்க்க வந்தார்கள், கோடையில் பிள்ளைகளைக் கூட்டிவந்து மழைக்கு நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். இரண்டு வருஷம் ஏழு கடைகளுக்கும் ஓயாத வியாபாரம், மலையில் முப்பது வீட்டிலும் நிம்மதியான சோறு. சடையாண்டி வருஷத்துக்கு ஒரு தடவை பலாப்பழத்தோடு இறங்கி வந்து, சௌந்தரி கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் ஊர் மழையில் தானே நனைந்துகொண்டு காப்பி குடித்துவிட்டுப் போவார்.

மூன்றாம் வருஷம் சந்தையில் விலை படுத்தது. பாதிக்கும் கீழே போனது. வெளியூர்த் தரகர் ஒருவர் எங்கோ விளைந்த கொட்டையை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதாக ஊரெல்லாம் பேச்சு அடிபட்டது. சௌந்தரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வாக்குக் கொடுத்தவளுக்கு அதெல்லாம் எதற்கு. ஏழு கடைக்கும் பொதுவான கிட்டங்கிச் சாவி செல்லத்துரையிடம் இருந்தது, அவர்தான் மூட்டைகளைப் பிரித்து அனுப்புவார். அந்தப் பங்குனியில் வந்த மூட்டையை அவிழ்த்து டிரம்மில் போட்டபோதே அவளுக்கு உறுத்தியது. கொட்டை பொரிகிற சத்தம் மழுங்கலாக வந்தது. புகையில் ஈரச் சாக்கு வாடை. குடித்துப் பார்த்தாள், நாக்கு எந்தச் சரிவையும் சொல்லவில்லை, சும்மா கிடந்தது.

"அண்ணே, இந்த லோடு என்னமோ மாதிரி இருக்கே" என்று போய்க் கேட்டாள்.

"போன வருஷம் அங்க மழை ஜாஸ்தி சௌந்தரி. கொட்டை தண்ணி கோத்துருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார் செல்லத்துரை. "ஏன், உனக்கு என் மேல சந்தேகமா?"

"ஐயோ, என்னண்ணே பேசுறீங்க!"

இங்கேதான் அவள் செய்த தப்பு இருக்கிறது, அதை அவளே பின்னால் நூறு தடவை சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். வறுக்கிறவளுக்கு மூக்கும் நாக்கும்தான் முதல், அவை இரண்டும் ஒன்றைச் சொல்ல, அண்ணன் வேறொன்றைச் சொல்ல, அவள் அண்ணனை நம்பினாள். எட்டு மாதம் அந்தக் கொட்டையை வறுத்தாள். அந்த எட்டு மாதமும் அவள் கடையில் ஒரு சொட்டு மழை விழவில்லை.

முதலில் மலையிலேயே பெய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றது. "அங்க டவர் போயிருச்சாம்" என்றார் செல்லத்துரை. ஆனால் மற்ற ஆறு கடைகளில் பெய்துகொண்டுதான் இருந்தது. காலை பதினோரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும், கூட்டம் வருகிற நேரம் பார்த்து, ஸ்கூல் பெல் அடித்த மாதிரிப் பெய்தது. அவள் கடைக்கு மட்டும் தகரக் கூரை ஒரு கேலிப் பொருளாக நின்றது, குடத்தோடு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது! புளியங்கொட்டையை வறுத்துக் கலக்கிறாளாம், அதனால்தான் வானம் அவளை விட்டுவிட்டதாம் என்றார்கள். குடை வாடகை போன கோபத்தில் தையற்காரரே அதை மாடிப்படியில் நின்று சொன்னார். சௌந்தரி தன் தப்பு எது என்று தேடினாள். சிக்கரி கூடிவிட்டதோ, தராசில் தூசியோ, புருஷன் மேல் இட்ட சாபம் திரும்புகிறதோ என்று டிரம்மைக் கழுவினாள், கடையைக் கழுவினாள், வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். பெற்ற மகள்கூட ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ எதுவும் கலக்கலைதானம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

கார்த்திகை கடைசியில் ஏழு பேரும் செல்லத்துரை கடையில் கூடினார்கள். மாலை நேரம், கடைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது, குடை பிடித்தபடி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சௌந்தரி குடை கொண்டுவரவில்லை, எட்டு மாதத்தில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"ஏழு கடைப் பேரும் ஒண்ணு. ஒரு கடை காஞ்சு கெடந்தா மத்த ஆறுக்கும் கெட்ட பேரு" என்று தொடங்கினார் செல்லத்துரை, பஞ்சாயத்துக் குரலில். "தங்கச்சின்னுதான் இத்தனை நாள் பொறுத்தோம். கொஞ்ச நாளைக்கு நீ ஒதுங்கி இரு சௌந்தரி. மழைக்கடை போர்டைக் கழட்டிரு."

"நான் என்னண்ணே பண்ணினேன்? நீங்க குடுத்த கொட்டையத்தான வறுக்குறேன்?"

"கொட்டை எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்களுக்குப் பெய்யுதே."

காதர் மைதீன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மற்றவர்கள் குடைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார்கள். சௌந்தரி வாயைத் திறந்து இன்னொன்று கேட்கப் போனாள், கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் நெற்றியில் விழுந்து, மூக்கோரமாக இறங்கி, வாய்க்குள் போனது.

உப்பு.

அவள் வாயை மூடினாள். மறுபடி அண்ணாந்து நாக்கை நீட்டினாள், வயசுப் பெண்ணுக்கு அம்மா, ஆறு ஆம்பளைகள் நடுவில், குழந்தை மாதிரி நாக்கை நீட்டிப் பிடித்தாள். எட்டு மாதம் சும்மா கிடந்த நாக்கு அன்றைக்கு நன்றாகவே பேசியது. மேற்குச் சரிவும் இல்லை, ஓடையோரமும் இல்லை, கடைவீதி முனை, இருநூற்றைம்பது அடி போர். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் மற்றதெல்லாம் பட்டது. பித்தளைத் தராசின் விளிம்பில் வெள்ளைப் படிவு, தரையில் வெள்ளைத் திட்டு, பரணுக்கு மேலே பெயின்ட் அடித்த குழாய், அதில் ஊசியால் குத்தியது போல வரிசையாக ஓட்டைகள். ஏதோ ஒரு மூலையில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"போர்த் தண்ணி" என்றாள். "ஆறு பேரும்?"

 செல்லத்துரைதான் கடைசியில் குடையை மடக்கினார். அவருக்குக் கோபம் வந்த மாதிரியே இல்லை, களைப்பு வந்த மாதிரி இருந்தது. "வெலை பாதிக்குப் பாதி சௌந்தரி. முன்ன பேசின வெலைக்கு மலையில வாங்கினா நாம பொழைக்க முடியாது. கொட்டைய மாத்தினதும் எல்லார் கடையிலும் நின்னு போச்சு. சனம் மழைக்குத்தான் வருது, அதை விட முடியுமா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீ மலைக்கு ஓடுவே. உனக்கும் ஒரு குழாய் போட்டுத் தரணும்னு எனக்கு ஆசைதான். நீ ஒத்துக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா, உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார். "அப்புறம் உன் கடை காஞ்சு கெடந்ததும் ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. ஊரு உன்னையப் பாத்துச்சு, மேல குழாயைப் பாக்கல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் அன்பு இருந்தது. அதுதான் அவளை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள். இந்த மனுஷன் அவளை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவளுடைய நல்ல குணத்தையே அளவெடுத்து, அதற்குச் சரியாக ஒரு குழி வெட்டியிருக்கிறார். அவள் எழுந்து வாசலுக்குப் போய், குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, "இது மழை இல்ல, இது போர்த் தண்ணி, வாயில வெச்சுப் பாருங்க!" என்று தெருவே திரும்பக் கத்தினாள்.

வரிசையில் முதலில் நின்றவர் அவள் மகளுக்குப் பாடம் சொன்ன பாக்கியம் டீச்சர். "தெரியும் சௌந்தரி" என்றார், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு. "ஆடியிலேயே பருப்பு வேகல. இதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கீழதான் ஊத்துறேன்."

"தெரிஞ்சுமா டீச்சர் வரிசையில நிக்கிறீங்க?"

"எல்லாரும் நிக்கிறாங்களே. உள்ள போனா குளுகுளுன்னுதான இருக்கு. மழை நின்னு போச்சுன்னு வெளியூர்க்காரனுக்குத் தெரிஞ்சா ஊருக்குத்தான் அசிங்கம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் ஒரு குழாய் போட்டுக்கோயேம்மா" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சௌந்தரி மஞ்சம்பாறைக்கு ஏறினாள். ஊர் நம்பாவிட்டால் போகிறது, மலை நம்பும் என்று நினைத்தாள். பெரியப்பா காலில் விழுந்து, எட்டு மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு வறுத்தேன் என்று சொல்லிவிட்டால், அவர் மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, போகுது விடு மகளே என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல தூறல். கூட இறங்கியவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சௌந்தரி ஒற்றையடிப் பாதையில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் கவனித்தாள், சேலை நனையவில்லை. கையை நீட்டினாள். கை போன இடத்திலிருந்து மழை விலகியது. அவளைச் சுற்றி ஒரு கோரைப்பாய் அகலத்துக்கு மண் காய்ந்தபடி அவளோடு நகர்ந்து வந்தது. அவள் கடந்து வந்த இடத்தில் பெய்தது, அவள் போகப்போகும் இடத்தில் பெய்தது, அவள் மேல் மட்டும் பெய்யவில்லை.

சடையாண்டி வீட்டு முன்னால் இரண்டு பலா மரங்கள் அடிக்கட்டையாக இருந்தன. அவற்றின் நிழல் போன இடத்தில் காப்பிச் செடிகள் வெளுத்து, இலை சுருண்டு கிடந்தன. அவர் வாசலில் நின்று அவள் வருவதைப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை, காய்ந்த சேலையைப் பார்த்தார்.

"வாங்க" என்றார். மகளே என்றும் சொல்லவில்லை, ஒருமையிலும் சொல்லவில்லை. "கடைக்காரம்மாவுக்குத் தண்ணி குடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் மனைவி மூக்காயி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் கீழே வைத்தாள். காப்பி விளைகிற வீட்டில், மூன்று வருஷம் பழகிய வீட்டில், தண்ணீர்.

"பெரியப்பா, என்னைய ஏமாத்திட்டாங்க."

"எங்களையும்தான்" என்றார் அவர். "செல்லத்துரை வந்து சொன்னாரு. மத்த ஆறு பேருக்கும் சம்மதம்தான், சௌந்தரிதான் இந்தக் கொட்டை என் நாக்குக்கு ஆகலைன்னு தள்ளிட்டா, அவ தள்ளினா நாங்க மீற முடியாதுன்னு."

 ஊரில் அவள் கலப்படக்காரி, மலையில் அவள் வாக்கு மாறினவள். ஒரே ஆள், இரண்டு பக்கமும் அவள் பெயரையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் கரி அப்பிக்கொண்டு டிரம் ஓட்டிக் கொடுத்த ஆள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டை, மழுங்கல் சத்தம், குழாய், உப்பு, டீச்சர், ஒன்றைக்கூட விடாமல், மூச்சு விடாமல் சொன்னாள். சடையாண்டி குறுக்கே பேசாமல் கேட்டார். திறந்திருந்த அறைக்குள் போன வருஷத்து மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன, அடிவரிசையில் பூஞ்சை ஏறியிருந்தது.

"இருக்கலாம். நீங்க சொல்றதே நெசமா இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா வெரலைப் புடிச்சது அவரு இல்ல. எட்டு மாசம் வேத்துக் கொட்டைன்னு உங்க நாக்கு சொல்லியும் ஒருநாள் ஏறி வந்து பாக்கலையே. நாங்க என்ன சந்திர மண்டலத்துலயா இருக்கோம்? ரெண்டு மணி நேர பஸ்ஸு." அவள் காலடியில் காய்ந்து கிடந்த மண்ணைக் காட்டினார். "மழைக்கே தெரிஞ்சிருக்கு. நான் என்ன சொல்ல?"

"மரத்தை மட்டும் வெட்டாதீங்க பெரியப்பா."

"மிச்சத்துக்கும் ஆள் சொல்லியாச்சு."

 அப்போது தூறல் திடீரென்று கனத்தது. சரிவுக்கு மேலே இருந்து ஒரு இரைச்சல் இறங்கியது. பக்கத்துக் களத்தில் புதுப் பழம் உலர்த்தியிருந்தார்கள், இந்த வருஷத்து முதல் பறிப்பு, வாங்க ஆள் இல்லாவிட்டாலும் செடியில் விட முடியாமல் பறித்தது. மூக்காயியும் இன்னும் நாலு பெண்களும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், இரண்டு தார்ப்பாய், அதில் ஒன்று கிழிசல், களத்தில் பாதிதான் மூடியது. மீதி நனைந்தால் இரண்டு நாளில் புளித்து நாறிப்போகும். மூக்காயி தலையில் அடித்துக்கொண்டு, முந்தானையை விரித்து மூடப் பார்த்தாள்.

சௌந்தரி எதையும் யோசித்துச் செய்யவில்லை. செருப்பை உதறிவிட்டுக் களத்துக்குள் ஓடி, திறந்து கிடந்த பழத்தின் மேல் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் அகல விரித்துக்கொண்டாள். மழை அவளைச் சுற்றி அறைந்தது. அவளுக்கு மேலே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வானம் சும்மா இருந்தது, அடியில் கிடந்த பழம் காய்ந்தபடி முதுகில் குத்தியது. பெண்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள். அப்புறம் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள், நனைகிற ஓரத்துப் பழத்தைப் பலகையால் தள்ளித் தள்ளி அவள் விலாவோரமாக, அவள் கையடியில், தலைமாட்டில் குவித்தார்கள். ஒருத்தி, "தலையக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி அவள் கழுத்துக்கு அடியிலும் ஒரு முறம் கொட்டினாள். சௌந்தரி அழுதுகொண்டிருந்தாள், அந்தக் களத்தில் நனைந்தது அவள் முகம் மட்டும்தான்.

சடையாண்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு களத்து மேட்டில் வந்து நின்றார். களத்தை மூலைக்கு மூலை பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது, போகுது விடு மகளே என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள்.

"கடைக்காரம்மா" என்றார் அவர், "கொஞ்சம் கெழக்கால நகந்து படுங்க. அந்த மூலை நனையுது."

அவள் நகர்ந்து படுத்தாள்.